பட்டது என்று நான் சொன்ன கிளை

உயிரோடு இருந்த ஒரு கிளையைப் பட்டுப்போனது என்று பொய் சொல்லி, அதை என் கணவரின் கையாலேயே வெட்ட வைத்தேன்.

நான் செய்தது இதுதான். சுற்றி வளைத்துத் தொடங்கினால் பாதியில் எனக்குத் தைரியம் போய்விடும். அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

ஒரு கிளைதானே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள்... நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் செய்தேன். ஒரு கிளைதானே! வாசலில் நிற்கும் வேப்பமரம்தானே! இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் அந்த மனிதரிடம் நான் வாய் திறக்கவில்லை. நாற்பத்தொரு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். எனக்குத் தெரியாமல் பேக்கரியில் அவர் தேங்காய் பன் தின்றுவிட்டு வந்தால், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்டுபிடித்துவிடுவேன். அவருக்கு என்னிடம் எதையும் மறைக்கத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்கிறது.

யாரிடமாவது சொல்லியாக வேண்டும். மகளிடம் சொன்னால் மறுநாளே அவள் அப்பாவுக்குப் போன் போட்டுவிடுவாள். சாமியிடம் சொல்லலாம் என்று ஒருமுறை போனேன். அங்கே நடந்ததைப் பிறகு சொல்கிறேன். ஆகவே உங்களிடம் சொல்கிறேன். உங்கள் முகம் எனக்குத் தெரியாது என்பது எனக்குப் பெரிய வசதியாக இருக்கிறது.

எங்கள் வீடு வெள்ளகோவிலில், கரூர் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி. என் வீட்டுக்காரர் பெயர் நாச்சிமுத்து. முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். தறிகளை விற்றுவிட்டார், ஆனால் தறிச் சத்தம் அவர் காதில் பாதியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. மற்றபடி நல்ல மனிதர். பிடிவாதக்காரர். சட்டைப் பொத்தானை ஒருநாளும் சரியாகப் போட்டதில்லை.

அவருக்கு மரத்தின் மேல் கிறுக்கு.

எங்கள் பக்கத்து ஆடிக் காற்றை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மேற்கே கணவாயைத் தாண்டி வரும் காற்று. ஊரைச் சுற்றி நிற்கிற காற்றாலைகள் எல்லாம் பேய் பிடித்த மாதிரி சுழலும். மரத்தில் ஒரு பட்ட கொம்பு மிச்சம் இருந்தால் போதும், முறிந்து ஓட்டின் மேல் விழும், வண்டியின் மேல் விழும், போகிற ஆளின் மேலும் விழும். அதனால் ஆனி பிறந்ததுமே எங்கள் வீதியில் எல்லோருக்கும் என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்துவிடும்.

"அண்ணா, ஒருக்கா வந்து எங்கூட்டு மரத்தைப் பாத்துப்போட்டுப் போங்க."

உடனே கிளம்பிவிடுவார். அருவாள், கைரம்பம், கயிறு... பிறகு நான். கூலி என்று யாராவது பேச்செடுத்தால் கோபம் வந்துவிடும். ஒரு சொம்பு மோர் கொடுத்தால் போதும்.

நான் எதற்கு என்று கேட்பீர்கள். அவர் வேலை செய்கிற முறை அப்படி. கிளைக்குள் உட்கார்ந்திருக்கிறவருக்கு மரம் முழுசாகத் தெரியாது. சந்தேகமான கொம்பு என்றால் அருவாளின் முதுகால் இரண்டு தட்டுத் தட்டுவார். பட்ட கொம்பு 'டக்... டக்...' என்று வறண்டு கேட்கும். பச்சைக் கொம்பு 'தொப்... தொப்...' என்று அடங்கிக் கேட்கும். தறியில் காது மந்தமானவருக்கு இந்த வித்தியாசம் பிடிபடாது. எனக்குப் பிடிபடும். நான் கீழே நின்று கேட்டுச் சொல்ல வேண்டும்.

"என்ன சொல்லுது அம்மணி?" என்று மேலிருந்து குரல் வரும்.

"பட்டதுங்க!" என்பேன். அல்லது, "பச்சைங்க, உட்டுப்போடுங்க!" என்பேன்.

நான் சொன்ன பிறகு அவர் மறுபடி தட்டிப் பார்த்ததே இல்லை. ஒருமுறைகூட இல்லை! "மேல அண்ணன், கீழ அக்கா, நடுவுல மரம்" என்று வீதியில் எங்களைக் கேலி செய்வார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். கல்யாணமான புதிதில்கூட எங்களை யாரும் இப்படிச் சேர்த்துவைத்துப் பேசியதில்லை.

அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. பச்சையில் இரும்பு படக்கூடாது. அதிலும் வேம்பு என்றால் கேட்கவே வேண்டாம். மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, கம்பம் நடுவார்கள் அல்லவா, அதற்கு மட்டும்தான் பச்சை வேம்பை வெட்டலாம், அதுவும் பூசை போட்டு மரத்திடம் கேட்டுக்கொண்டு என்பார். கார் நிறுத்த இடைஞ்சலாக இருக்கிறது, ஒரு கிளையை எடுத்துக் கொடுங்கள் என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டபோது, "காரைத் தள்ளி நிறுத்துங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

எங்கள் வாசல் வேம்பு, வீடு கட்டுவதற்கு முன்பிருந்தே நிற்பது. அடிமரம் நெடுநெடுவென்று வழுக்கலாக மேலே போகும். முதல் கிளை மேற்குப் பக்கமாகப் பிரிந்து, எங்கள் மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரை ஒட்டிக்கொண்டு போகும். 'மேக்கால கொம்பு' என்பார் அவர். மாடிக்குப் போய், சுவரில் ஒரு கால் வைத்து, அந்தக் கொம்பில் மறுகால் வைத்தால் மரத்துக்குள் போய்விடலாம். அதை விட்டால் கிளை பிரியும் அடுத்த கவை அவர் தலைக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் இருக்கிறது. அவருக்கு இருந்த ஒரே வழி அந்தக் கொம்புதான்.

ஏறிவிட்டால் லேசில் இறங்க மாட்டார். வேலை முடிந்த பிறகும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அதிலேயே உட்கார்ந்திருப்பார். "அம்மணி, டீ!" என்று சத்தம் போடுவார். டீ ஊற்றிய தூக்குப்போசியைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்புவேன். வயதான மனிதர் மரத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்... எனக்கு அத்தனை பிடிக்கும்.

அப்படி எனக்குப் பிடித்ததைத்தான் நான் கெடுத்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தை மாதம். சாயங்காலம் பேக்கரிக்குப் போய்விட்டு வந்தார். நான் வாசலில் நின்றிருந்தேன். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்ற காலில் இல்லை.

"ஏனுங்க, செருப்பு எங்கீங்க?"

குனிந்து பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது! செருப்பு வழியில் எங்கேயோ கழன்றிருக்கிறது. வெறுங்காலோடு ரோட்டில் நடந்து வந்திருக்கிறார். பாதத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு ஏறி ரத்தம் வந்திருந்தது. அதுவும் அவருக்குத் தெரியவில்லை. நான் சில்லைப் பிடுங்கினேன். வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்றார் டாக்டர். தரை எங்கே இருக்கிறது என்பதே காலுக்குச் சரியாகத் தெரியாது, படி ஏறி இறங்கும்போது கவனம் என்றார். டாக்டர் படியைத்தான் சொன்னார். நான் மரத்தை நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். இனிமேல் மரம் ஏற வேண்டாம் என்றேன்.

"மரத்து மேல காலுக்கு என்ன சோலி அம்மணி? எல்லாம் கையிதான் பாத்துக்குது" என்றார்.

அழுது பார்த்தேன். பெருந்துறையில் இருக்கும் மகள் வாசுகியைப் போனில் பேச வைத்தேன். "செரி கண்ணு, செரி கண்ணு" என்று அவளிடம் தலையாட்டினார். போனை வைத்த கையோடு ரம்பத்துக்கு எண்ணெய் போட்டார். அருவாளை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். சந்தையில் புதிதாக ஒன்று வாங்கி வந்துவிட்டார்! "பழசு எங்கயோ தொலைஞ்சு போச்சாட்ட இருக்குது" என்று என்னிடமே சொன்னார்.

அந்த நாட்களில் என் மனம் இருந்த நிலையை உங்களுக்கு எப்படிச் சொல்வது... கண்ணை மூடினால் அவர் சுவரிலிருந்து கொம்புக்குக் கால் வைக்கிறார். கால் கொம்பில் படவில்லை. பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு உடம்பின் பாரத்தைக் கொடுக்கிறார்... அதற்கு மேல் என்னால் நினைக்க முடியாது. ஆனி எப்போது வரும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். இன்னும் ஐந்து மாதம். இன்னும் நாலரை மாதம்.

மாசியில் வேம்பு இலை உதிர்த்தது.

உங்கள் வீட்டில் வேம்பு இருந்தால் தெரியும். இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டிவிடும். கொஞ்ச நாளைக்கு மரம் மொட்டையாக நிற்கும். பிறகு தளிர் விடும். அந்தக் கொஞ்ச நாளில் பட்ட கொம்பும் பச்சைக் கொம்பும் கண்ணுக்கு ஒன்று போலத்தான் இருக்கும். அதனால்தான் அவர் மாசியில் எந்த மரத்திலும் கை வைக்க மாட்டார். எல்லாம் தழைத்த பிறகு, ஆனியில்தான் வைப்பார்.

ஒருநாள் காலையில் வாசலில் உதிர்ந்த இலையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். மேக்கால கொம்பு மொட்டையாகச் சுவரை ஒட்டிக் கிடந்தது. துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அந்தக் கொம்பு இல்லையென்றால் இவர் எப்படி ஏறுவார்? அந்த யோசனை வந்ததும் எனக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம் வந்தது! அதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது.

உள்ளே போய்ச் சொன்னேன்.

"ஏனுங்க, மேக்கால கொம்பு பட்டுப்போச்சுங்க."

"மாசியில எப்படி அம்மணி தெரியும்? எல்லாமே மொட்டையாத்தான் நிக்குது."

"ஐப்பசி மழைக்கு அப்பறம் அதுல தழையே இல்லீங்க. நான்தான் தெனமும் வாசல்ல நின்னு பாக்கறனே."

அவர் யோசித்தார். "தழை இருந்துச்சாட்டத்தான் இருக்குது..." என்று இழுத்தார். ஆனியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அப்போது நான் செய்ததை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. பேத்தியை இழுத்தேன். எங்கள் யாழினிக்கு அப்போது ஆறு வயது. பங்குனியில் நோம்பி அறிவித்துச் சாட்டினால் அவள் வருவாள், நாளெல்லாம் மாடியில்தான் விளையாடுவாள், அந்தக் கொம்பு முறிந்து குழந்தை மேல் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. சட்டையைக்கூடப் போடாமல் ரம்பத்தைத் தேடப் போனார்.

அவர் மாடியில் நின்றார். நான் வழக்கம்போல் கீழே நின்றேன். தோதாகத்தான் யோசித்திருந்தேன்: மாடியில் நின்றபடியே கைக்கு எட்டும் கொம்பு, மரத்தில் கால் வைக்க வேண்டியதில்லை. கயிற்றைக் கட்டினார். அருவாளைத் திருப்பிப் பிடித்து அடிக்கொம்பில் இரண்டு தட்டுத் தட்டினார்.

தொப்... தொப்...

நிறைந்த சத்தம். அதைவிடப் பச்சையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை. எத்தனை வருஷம் என் ஆளைத் தாங்கிய கொம்பு!

"என்ன சொல்லுது அம்மணி?"

சுவருக்கு மேல் அவர் முகம் தெரிந்தது. தலையில் துண்டு, மூக்கில் வழிந்த கண்ணாடி. எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். இப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். பச்சைங்க, உட்டுப்போடுங்க, வந்து டீ குடியுங்க என்று சொல்லியிருக்கலாம்.

"பட்டதுங்க!" என்றேன்.

அவர் மறுபடி தட்டிப் பார்க்கவில்லை.

அவர் அறுக்கிற விதம் அழகாக இருக்கும். முதலில் கொம்பின் அடிப்பக்கத்தில் ஓர் அறுப்பு. அப்போதுதான் விழும்போது பட்டை உரிந்து அடிமரத்துக்குக் காயம் ஆகாது. பிறகு மேலிருந்து அறுப்பு. ரம்பம் போகிற சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது. பட்ட மரத்தில் ரம்பம் கரகரவென்று போகும், தூள் பறக்கும். இது இழுத்து இழுத்துப் போனது. ஈரத்தூள் கட்டி கட்டியாகக் கீழே விழுந்தது. ஒரு கட்டி என் கைமேலேயே விழுந்தது. கசப்பு வாசம் வந்தது. முக்கால்வாசி அறுத்த பிறகுதான் அவர் ரம்பத்தை நிறுத்தினார். அதற்குப் பிறகு நிறுத்தியும் பயனில்லை. கொம்பு மடிந்து கயிற்றில் தொங்கியது.

ரம்பத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அம்மணி... மேல வா."

போனேன். அறுபட்ட இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். வெட்டுவாய் வெளேரென்று ஈரமாக இருந்தது.

"பச்சை" என்றார்.

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டட்டும், ஏன் இப்படிச் சொன்னாய் என்று கேட்கட்டும், கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன் என்று நினைத்தேன்.

அவர் என்னைக் கேட்கவே இல்லை.

"நான் செரியாத் தட்டல போலிருக்குது. அருவாப் பிடியில கை நழுவிப்போச்சு. அதான் உனக்குச் சத்தம் மாறிக் கேட்டிருக்குது" என்றார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலு போன மாதிரி என்ற கையும் போயிருச்சு அம்மணி."

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்கப்போவதில்லை என்று அப்போதே தெரியும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"போனாப் போகுதுங்க. தழைஞ்சுக்கும்."

சாணியும் மஞ்சளும் குழைத்து வெட்டுவாயில் பூசினார். அன்று அவர் சாப்பிடவில்லை. அடுத்த மாதம் நோம்பி சாட்டிக் கோயிலில் கம்பம் நட்டார்கள். பெண்கள் எல்லாம் காலையில் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய்க் கம்பத்துக்கு ஊற்றுவோம். நான் கோயிலுக்குக் குடம் எடுத்துப் போகும் அதே நேரத்தில், அவர் ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவார். வெட்டிய அடிக்கட்டைக்கு ஊற்றுவார். கம்பம் எடுக்கும் நாள்வரை ஊற்றினார். "தாத்தா மரத்துக்கு மருந்து ஊத்தறாரு" என்று யாழினி எல்லோரிடமும் சொன்னாள். குழந்தை மாடியில் பத்திரமாக விளையாடினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் எண்ணம் பலித்தது. அந்த ஆனியில் அவர் எங்கள் மரத்தில் ஏறவில்லை. ஏற வழியில்லை என்பதால் மட்டும் அல்ல... மற்றவர்கள் மரத்திலும் ஏறவில்லை. அடுத்த வீதியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது, "என்னைய உட்டுருங்க தம்பி. எனக்கு இப்பப் பச்சைக்கும் பட்டதுக்கும் வித்தியாசம் தெரியறதில்லீங்க" என்றார். நான் உள்ளே அடுப்படியில் நின்று கேட்டேன். அரளிச் செடியைக்கூடத் தப்பாக வெட்டாத மனிதர், வாசலில் நின்று அந்நியரிடம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதோடு நின்றிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவரை மரத்திலிருந்து மட்டும் இறக்க நினைத்தேன். அவர் எல்லாவற்றிலிருந்தும் இறங்கிவிட்டார். மொபெட் சாவியை ஆணியில் மாட்டிவிட்டார். சந்தையில் கத்தரிக்காயைக் கையில் எடுத்து, "இது முத்தலா அம்மணி, பிஞ்சா?" என்று என்னைக் கேட்கிறார். சட்டைப் பொத்தானை இப்போது கண்ணாடி முன் நின்று, ஒவ்வொன்றாகத் தடவித் தடவிச் சரியாகப் போடுகிறார். அந்தச் சரியான பொத்தான்களை என்னால் பார்க்க முடிவதில்லை.

என்னை நானே கேட்டுக்கொள்வேன். அவர் விழுந்து கிடந்திருந்தால்? இடுப்பு முறிந்திருந்தால்? இன்று என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறாரே, அதற்கு அந்தக் கொம்புதானே விலை? மறுபடி அந்த மாசி வந்தால் பச்சை என்று சொல்வேனா? மனசாட்சியோடு சொல்கிறேன்... தெரியவில்லை. அவர் உயிரோடு இருக்கிறார். அது எனக்கு வேண்டும். கொம்பை எடுத்தது என் பயம். அதை நீங்கள் மன்னித்தாலும் மன்னிக்கலாம். ஆனால் மாடியில் அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தபோது நான் வாயை மூடிக்கொண்டு நின்றேனே! பழியை அந்தக் கைமேல் போட்டது நான்தானே!

சாமியிடம் சொல்லப் போனேன் என்றேன் அல்லவா? போன வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு இரண்டு பேரும் கொடுமுடிக்குப் போயிருந்தோம். காவிரியில் கால் நனைத்துவிட்டு வந்தால் மனம் லேசாகும், கோயிலில் மனசுக்குள் சாமியிடம் சொல்லிவிடலாம், பிறகு பஸ்ஸில் வரும்போது அவரிடமும் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். கோயிலுக்குள் பழைய வன்னிமரம் ஒன்று இருக்கிறது, தெரியுமா? என் வீட்டுக்காரர் சன்னிதிக்குப் போவதற்கு முன்பே அந்த மரத்தடியில் போய் நின்றுகொண்டார். கைகூப்பினார். உதடு அசைந்தது. அவருக்குக் காது மந்தம். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சத்தமாகவே பேசுவார்.

"தெரியாமப் பச்சையில இரும்பு வெச்சுப்போட்டேன் சாமி. என்ற கைதான் தப்புப் பண்ணுச்சு. பொறுத்துக்கோணும்."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கைகூப்பவில்லை. அவர் என்னைப் பார்த்தார்.

"நீ சும்மா கும்புட்டுக்கோ அம்மணி. நீ என்ன பாவமா பண்ணுன?"

கும்பிட்டேன். என்ன வேண்டினேன் என்று கேட்காதீர்கள். பஸ்ஸில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். வெள்ளகோவில் வருகிறவரைக்கும் தோளை அசைக்காமல் இருந்தேன். அது ஒன்றுதான் அன்று நான் அவருக்குச் செய்தது.

இந்த வருஷ ஆனியில் எங்கள் மரத்துக்குச் செல்வராசுவை வரச்சொன்னோம். மெஷின் ரம்பமும் இரும்பு ஏணியும் வைத்திருக்கிறவர். தென்னை, வேம்பு எல்லாவற்றுக்கும் இப்போது ஊரில் அவர்தான். என் வீட்டுக்காரர் மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் டீயோடு மேலே போனேன். செல்வராசு இடுப்பில் பெல்ட் கட்டி, உச்சியில் இரண்டு பட்ட கொம்புகளை இறக்கிவிட்டு, ஏணியில் கீழே வந்தார். மேக்கால கொம்பின் அடிக்கட்டைக்கு எதிரே வந்ததும் நின்றார்.

"அண்ணா, இந்தக் கட்டையில ஒரு கொம்பு தழைஞ்சு வந்திருக்குதுங்க. சுவத்துல ஒரசுது. எடுத்துப்போடட்டுங்களா?"

எனக்குத் தெரியும். ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் சுண்டுவிரல் பருமனில், நாலைந்து இலைக்கொத்தோடு. அவர் பார்த்திருந்தாரா என்று மட்டும் தெரியவில்லை. நானாக அதைப் பற்றிப் பேசவில்லை.

"என்னையக் கேட்டு என்னங்க ஆகுது? அக்காவைக் கேளுங்க" என்றார் என் வீட்டுக்காரர். "அவ சொன்னாச் செரியா இருக்கும். இத்தன வருசத்துல அவ காது ஒருக்காக்கூடத் தப்புனதில்ல. தப்புனதெல்லாம் நான்தான்."

செல்வராசு என்னைப் பார்த்தார்.

"பச்சைங்க, உட்டுப்போடுங்க" என்றேன்.

செல்வராசு இறங்கிப் போனார். என் வீட்டுக்காரர் எழுந்து, பாதம் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்துப் பார்த்துக் கைப்பிடிச் சுவருக்கு வந்தார். கையை நீட்டி அந்தத் துளிரைத் தொட்டார். இரண்டு வருஷமாக நான் பார்க்காத ஒரு சிரிப்பு அவர் முகத்தில் வந்தது.

"தழைஞ்சுக்கும்னு நீ அன்னிக்கே சொன்னியே அம்மணி! இது ஆள் தாங்கறதுக்கு எத்தன வருசம் ஆகும்?"

அவருக்குத் தெரியாததா? வேம்பைப் பற்றி அவருக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரியும்? அவருக்கு இப்போது அறுபத்தெட்டு வயது.

"ஆகுமுங்க... பத்துப் பதினஞ்சு வருசம்."

"செரி" என்றார். டீயை வாங்கிக்கொண்டார். "அப்பவும் நீதான் கீழ நின்னு சொல்லோணும். உன்ற காதை நம்பித்தான் நான் ஏறுவேன்."

"சொல்றேனுங்க" என்றேன்.